மொரிஸ் மைனர் காருக்குள் மழைத் தண்ணீர் புகுவதும் கறள் மறைக்கப்பட்டதும் தொடர்பான முறைப்பாடு

மாங்குளம்,
18.11.2024

முகாமையாளர் அவர்கட்கு,
பழைய கார் திருத்தும் பிரிவு,
வவுனியா.

ஐயா,

கடந்த வைகாசியில் உங்கள் கராஜில் விட்ட 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், நாலு கதவுக் காரின் சொந்தக்காரன் நான். ஓகஸ்ட் 30 ஆம் திகதி 685,000 ரூபா கட்டிக் காரை எடுத்துவந்தேன். பற்றுச்சீட்டில் இரண்டே வரிதான் இருக்கிறது. கறள் வெட்டித் தகடு மாற்றி வெல்டிங், தண்ணீர் ஒழுக்கு அடைத்தல், 310,000. முழு பெயின்ற், 375,000. பெயின்றில் எனக்குக் குறையில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்கள். என் முறைப்பாடு முதல் வரியைப் பற்றியது. அதில் எழுதியிருக்கும் வேலை நடக்கவே இல்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து விட்ட காலை, கதவைத் திறந்து கால் வைத்தேன். கம்பளம் சளக் என்றது. தூக்கிப் பார்த்தால் கீழே விரித்திருந்த பஞ்சு முழுக்கத் தண்ணீர். பிழிந்து ஒரு வாளி எடுத்தேன். அன்றே உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பழைய கார் எண்டால் தண்ணி வரத்தானே செய்யும் ஐயா" என்றார் பேசிய தம்பி. இரண்டாம் முறை எடுத்தபோது "மழைக்க எடுக்காதேங்கோ" என்று ஆலோசனை கிடைத்தது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்குள் எடுக்கக்கூடாத காரை வன்னியில் வைத்திருந்து நான் என்ன செய்ய? கோழி அடைக்கவா?

இந்தக் கார் மழை காணாத கார் இல்லை. என் அப்பா இதை வாடகைக்கு ஓடியவர். பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஒட்டுசுட்டானுக்கும் மல்லாவிக்கும் ஆட்களை ஏற்றிப் போனார். புகை வந்தது, இருமல் வந்தது, ஆனால் உள்ளே தண்ணீர் வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கடைசிச் சண்டைக் காலத்தில் வவுனியாவில் மாமா வீட்டுக் கொட்டிலில் நின்றதால்தான் தப்பியது.

சரி, நீங்கள் வந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு நானே பார்த்தேன். உள்ளே எல்லாவற்றையும் கழற்றி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். டாஷ்போட்டுக்குக் கீழேயும் தரைத் தகட்டிலும் குழந்தைப் பவுடர் தூவிவிட்டு, மகனை வெளியே ஹோஸ் பைப்போடு நிறுத்தினேன். கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம். நான் உள்ளே ரோச் லைட்டோடு குனிந்து கிடந்தேன். பவுடரில் தண்ணீர் கோடு போட்டுக் காட்டிவிட்டது.

முதல் கோடு முன் கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து. கண்ணாடியைக் கழற்றாமலே பெயின்ற் அடித்திருக்கிறீர்கள். பழைய றப்பர் கல்லாய் இறுகி வெடித்திருக்கிறது, அதன் மேல் வெளிப்பக்கமாகச் சிலிக்கன் இழுத்துவிட்டிருக்கிறது. அதுவும் வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன். அது காயும்போது விடும் அமிலம் இரும்பில் கறளைக் கிளப்பும் என்பது குளியலறைக் குழாய் பூட்டுகிறவருக்கும் தெரியும். வெளியே மூடி, உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல் செய்ததுதான் மிச்சம். புது றப்பர் போட்டு, கண்ணாடிக்கும் றப்பருக்கும் நடுவிலும் றப்பருக்கும் காரின் உடம்புக்கும் நடுவிலும் இறுகாத பசை வைத்திருந்தால் அரை நாள் வேலை.

இரண்டாவது கோடு எஞ்சின் பக்கச் சுவரிலிருந்து. வயர்கள் நுழையும் துளைகளில் இருந்த றப்பர் வளையங்களைப் பெயின்ற் அடிக்கக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. வளையம் இல்லாத தகட்டு விளிம்பில் உரசி வயர் அறுந்து போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கதவுகள் இன்னொரு கதை. எந்தக் காரிலும் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகும், அது வழக்கம். அது வடியத்தான் கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு அடித்தபோது அந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். பின் கதவைத் திறந்தால் இளநீரைக் குலுக்கியது போலச் சத்தம் வந்தது. ஆணியால் குத்தினேன், ஒரு போத்தலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர் வந்தது. பதினொரு வாரப் பெயின்றில் கதவின் கீழ் விளிம்பு இப்போதே கொப்புளம் போடுகிறது.

இவ்வளவும் பொறுத்திருப்பேன். கார்த்திகை முதல் கிழமை ஒட்டுசுட்டான் வீதியில் ரயர் காற்றுப் போனது. ஜக் போடும் இடத்தில் ஜக்கை வைத்து உயர்த்தினேன். கார் உயரவில்லை, ஜக்தான் அப்பளத்தை நொறுக்கியது போல உள்ளே ஏறியது. வீடு வந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவே இல்லை. ஸ்குரூ டிரைவரால் கிளறினால் பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி, அதற்குள் பத்திரிகைத் தாள், அதற்குள் பழைய கறள் அப்படியே. வெட்டிய தகடும் இல்லை, வெல்டிங் பொட்டும் இல்லை.

லொறிக்கு இருப்பது போல இந்தக் காருக்குத் தனிச் சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடம்பேதான் சேசி. அந்தப் பெட்டிப் பகுதி போனால் நடுவில் கார் தொய்யும். இப்போது முன் கதவைத் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் ஏறும் கார் இது. ஈரம் காயாத தகட்டுக்கு மேல் தார் பூசினால் கறள் நிற்காது, கண்ணுக்குப் படாமல் தின்னும். இது தெரியாமல் செய்த பிழையாக எனக்குத் தோன்றவில்லை. தெரியாதவன் பத்திரிகைத் தாளைத் திணிக்கமாட்டான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கராஜ் செலவிலேயே காரை ஏற்றிக்கொண்டு போய், தார் முழுவதையும் சுரண்டி, கறள் பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, காரின் உடம்புக்கு முட்டுக் கொடுத்து, கதவுகளைப் பூட்டி இடைவெளி சரி பார்த்து வெல்டிங் செய்ய வேண்டும். மூடுவதற்கு முன் நான் வந்து பார்ப்பேன். முன் கண்ணாடிக்குப் புது றப்பர், வயர்த் துளைகளுக்கு வளையங்கள். அது முடியாதென்றால் 310,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள், கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த வெல்டிங்காரர் செய்வார். பெயின்ற் காசை நான் கேட்கவில்லை, வெல்டிங் செய்யும்போது அது கருகத்தான் போகிறது என்றாலும்.

நவம்பர் 25 ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் எனக்கு மாத முடிவு வரைதான் நேரம் இருக்கிறது. முல்லைத்தீவுக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொடுக்க வேண்டிய பிரதியை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

கார் வீட்டுக் கொட்டிலில் நாலு கல்லின் மேல் நிற்கிறது. ஆள் அனுப்புவதானால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள், நாய் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மொரிஸ் மைனர் சொந்தக்காரன்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, 14 படங்கள், பொலித்தீன் பையில் பட்டித் துண்டு ஒன்று, அதில் ஒட்டியிருக்கும் பத்திரிகைத் தாளோடு.