ஈடிபஸ் செய்த பிழை எது?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் துன்பியல் நாடகக் கட்டுரை, ‘ஆணவம் என்ற குணக்குறையால் நாயகன் வீழ்வதே அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்ட்டியா’ என்கிறது. தேர்வுக் குறிப்புகளில் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் கருத்து இது. மூலத்தோடு பொருந்தவில்லை.

ஹமார்ட்டியா என்றால் குறி தப்புதல். கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போவதற்கும் இதே வேர்ச்சொல்தான். தம் ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில் போடும் கணக்கு எளிது. மிக நல்லவன் கெட்டழிந்தால் பார்ப்பவருக்கு மனம் கசந்துபோகும். பொல்லாதவன் அழிந்தால் ‘வேண்டும் அவனுக்கு’ என்றுதான் தோன்றும், இரக்கம் வராது. எனவே இடைப்பட்ட ஒருவன், தீக்குணத்தால் அல்லாமல் ஏதோவொரு பிழையால் வீழ வேண்டும். தீக்குணத்தை அவரே வெளியே தள்ளிவிட்டார். நாம்தான் கொல்லைப்புறமாக உள்ளே கூட்டிவருகிறோம்.

அவர் காட்டும் உதாரணமே ஈடிபஸ்தான். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில் தீப்ஸ் மன்னனான அவன் குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸிடம் சீறுகிறான், மைத்துனன் கிரியோன் மேல் பழி போடுகிறான். ஆணவம் என்று எல்லோரும் சுட்டுவது இந்தக் காட்சிகளைத்தான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தந்தையைக் கொன்றாகிவிட்டது, தாயை மணந்து பிள்ளைகளும் பிறந்தாகிவிட்டது. இன்றைய கோபம் அன்றைய கொலைக்கு எப்படிக் காரணமாகும்? கொலை நடந்த முச்சந்தியிலும் தேரில் வந்தவர்கள்தான் முதலில் இவனை வழியிலிருந்து தள்ளினார்கள்; தள்ளிய தேரோட்டியை இவன் அடிக்க, தேரில் இருந்த கிழவர் இவன் தலையில் தார்க்கோலால் அடித்தார். திருப்பி அடித்தது முன்கோபம் என்றே வைத்துக்கொள்வோம். அடிபட்டவர் தன் தந்தை என்று அவனுக்குத் தெரியாதே! தன்னை வளர்த்த கொரிந்து மன்னர் பாலிபஸையே அப்பா என்று நம்பி, ‘தந்தையைக் கொன்று தாயை மணப்பாய்’ என்ற தெய்வவாக்கைக் கேட்டதும், அவரைக் கொன்றுவிடக் கூடாதே என்று ஊரைவிட்டு வந்தவன் அவன். அந்தத் தவறான நம்பிக்கைதான் பிழை.

நாடகத்தின் முடிச்சும் அங்கேதான் அவிழ்கிறது. கொரிந்திலிருந்து வரும் தூதன் பாலிபஸ் இறந்த செய்தியைக் கொண்டுவருகிறான். இனி அங்கேயும் நீயே அரசன் என்கிறான். தந்தையைக் கொல்லும் பயம் ஈடிபஸுக்குத் தீர்ந்தது, தாயை மணக்கும் பயம் மிச்சம். அதையும் போக்கிவிடலாம் என்று நல்ல மனதோடு தூதன் சொல்கிறான்: அவர்கள் உன்னைப் பெற்றவர்களே அல்ல, கணுக்கால் துளைத்த குழந்தையாக உன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். பக்கத்தில் நிற்கும் யொகாஸ்டாவுக்கு, அவன் அறியாமல் மணந்த அந்தத் தாய்க்கு, அந்தக் கணமே விளங்கிவிடுகிறது. மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். ஆறுதல் சொல்ல வந்த வாய் குடியைக் கெடுக்கிறது. பெரிபெட்டியா என்ற தலைகீழ்த் திருப்பத்துக்கு 11ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில் காட்டுவது இந்தத் தூதனைத்தான்.

கட்டுரை சொல்லும் ‘மூன்று ஒருமைகள்’ (ஒரே செயல், ஒரே நாள், ஒரே இடம் என்ற நாடக விதிகள்) பற்றியும் ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் வற்புறுத்தியது செயல் ஒருமை ஒன்றையே. கதை ஒரு நாளுக்குள் முடிவது என்ற கணக்கு 5ஆம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் வருவது. இட ஒருமை நூலில் இல்லை. மூன்றையும் சட்டமாக்கியவர் 1570இல் அந்நூலுக்கு உரை எழுதிய இத்தாலியர் காஸ்டெல்வெட்ரோ.

குற்றத்துக்கேற்ற தண்டனையைத் துன்பியலில் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தில் லியரின் குற்றமற்ற கடைசி மகள் கார்டீலியா சாவதைப் பொறுக்க முடியாமல், நஹூம் டேட் என்ற கவிஞர் 1681இல் அதைத் திருத்தி எழுதினார். லியருக்கு அரியணை திரும்பக் கிடைத்தது, கார்டீலியாவுக்கும் அதே நாடகத்தின் இன்னொரு நல்ல பாத்திரமான எட்கருக்கும் கல்யாணம் கூடியது. ஷேக்ஸ்பியரின் முடிவை ஓரங்கட்டிவிட்டு, 1838இல் நடிகர் மக்ரெடி மூலத்தை மீட்கும் வரை ஒன்றரை நூற்றாண்டு மேடையை ஆண்டது அந்தக் கல்யாணம்தான்.

ஒரு வாசகர்,
திருச்சி