வால் போன ஆதாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆதார்’ என்ற இந்திச் சொல்லை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அவ்வளவு வருத்தம் வேண்டாம். நம் வீட்டில் வெகுகாலமாகப் புழங்கும் ‘ஆதாரம்’தான் அது. வடமொழிச் சொல்லின் கடைசி அகரத்தை இந்திக்காரர்கள் விழுங்குவார்கள், நாம் ‘அம்’ என்று வால் வைப்போம். சங்கதி அவ்வளவுதான்.

வேர்ச்சொல்லுக்குத் தாங்குதல் என்று பொருள். தரணி, தர்மம் எல்லாம் அதே வேரில் வந்தவை. எங்கள் திருவாரூரை மூலாதாரத் தலம் என்பார்கள். யோக நூல்கள் சொல்லும் ஆறு ஆதாரங்களில் முதுகெலும்பின் அடியில் இருப்பது அது. கச்சேரியில் தம்புரா விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஆதார சுருதி. அதை விட்டுவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்வானுக்கும் நிற்க இடமில்லை. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதார விலை, வாழ்வாதாரம் எல்லாவற்றிலும் அந்தத் தாங்கல்தான்.

‘ஆதரவு’ இதன் தங்கை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். அது மதிப்பு, பரிவு என்று பொருள்படும் ‘ஆதர’த்திலிருந்து வந்தது. வடமொழியில் இரண்டிலும் வருவது வேறு வேறு எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே ‘த’ ஆனதால் உறவு கொண்டாடிவிட்டன.

சரி, அட்டைக்கு வருகிறேன். டீக்கடை வாக்குவாதத்தில் ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று மடக்கினால் நாம் கேட்பது சான்று. பேச்சு எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி அப்படியே நிரூபணமாகிவிட்டது. இந்தியில் அதற்கு ‘சபூத்’, ‘பிரமாண்’ என்று தனிச் சொற்கள் உண்டு. ஆதார் என்றால் அங்கே முதலில் அடித்தளம்தான். அவர்கள் அஸ்திவாரம் என்று பெயர் வைத்தார்கள், நாம் அத்தாட்சி என்று காதில் வாங்கிக்கொண்டோம். ஆனால் 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவோ, அந்த எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: குடியுரிமைக்கு ஆதார் ஆதாரமில்லை!

எங்கள் அத்தைக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ‘என் ஆதாரம் கார்டை எங்கடா வெச்சே?’ என்றுதான் இன்றும் கேட்கிறார். போன வாலை அவர் எப்போதோ ஒட்டவைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்