லோகோ அழகு, பொருள் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

லோகோவில் அக்கறை காட்டும் நிறுவனம் பொருளிலும் அக்கறை காட்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லோகோ வரைகிறவர் வேறு, பொருள் செய்கிறவர் வேறு. பெரும்பாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

பால் ராண்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம்மின் கோடு போட்ட எழுத்துகள் அவர் கைவண்ணம். சாய்ந்து நிற்கும் ஆங்கில 'ஈ' எழுத்தை 1990களில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்ததும் அதே கைதான். அழகில் குறை சொல்ல முடியாது. 2001 டிசம்பரில், கணக்கு மோசடி அம்பலமாகி, என்ரான் திவாலானது. நைக்கியின் டிக் குறியோ 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்தது. கூலி 35 டாலர். ஷூவின் தரத்துக்கும் அந்த 35 டாலருக்கும் என்ன சம்பந்தம்?

யார் செய்தது என்று காட்டுவதுதான் லோகோவின் வேலை. பிடித்தவர் மறுபடி தேடி வாங்கலாம், சூடுபட்டவர் ஒதுங்கிப் போகலாம். நல்ல பெயர் பொருளில் இருந்துதான் லோகோவுக்கு வருகிறது. 2010-ல் கேப் என்ற ஆடை நிறுவனம் லோகோவை மாற்றியபோது எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பினார்கள். அந்த ஒரு வாரத்தில் சட்டைத் தையலில் ஒரு நூல்கூட மாறியிருக்காது!

ஒரு இடத்தில் மட்டும் கட்டுரையாளரோடு பாதி ஒத்துப்போகிறேன். லோகோ எப்படி வரையப்பட்டது என்பதைவிட, பொருளின் மேல் எப்படிப் பதிக்கப்பட்டது என்பது கொஞ்சம் பேசும். ஒரு சார்ஜரை எடுத்துப் பாருங்கள். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று அச்சு விலகி, ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிகிறதா? நகம் பட்டதும் எழுத்து உரிகிறதா? அது வடிவமைப்பாளரின் குற்றமில்லை, தொழிற்சாலையின் அலட்சியம். உள்ளே சால்டரிங் வைத்ததும் அதே தொழிற்சாலைதானே. ஆனால் இதையும் முழுசாக நம்ப முடியாது. போலி செய்கிறவர்கள் முதலில் கச்சிதமாகச் செய்வதே லோகோவைத்தான்.

அதனால் நான் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன்: தயாரிப்பாளர் முகவரி, மாடல் எண், உத்தரவாத நிபந்தனை. பொடி எழுத்தில் இருக்கும் இவற்றை எப்படிப் படிப்பது என்று கட்டுரையாளரை அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்