பார்வோன் வழக்கு

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி

மரியே வாழ்க!

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போடச் சொல்லி அம்மா நச்சரித்தாள். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் கடுதாசி. பொறுமையாகப் படி.

பாஸ்கா திருவிழிப்பில், ஈஸ்டருக்கு முந்தின இரவில், வருஷா வருஷம் செங்கடல் வாசகம் வாசிக்கிறோம். எகிப்து அரசன் பார்வோனிடம் அடிமைகளாக இருந்த இஸ்ரயேலரை மோசே கடலைக் கடந்து கூட்டிவருகிற பகுதி. நேரம் போதாவிட்டால் மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்களில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் விடக்கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதில்தான் எகிப்தியரின் மனத்தை நானே கடினப்படுத்துவேன் என்று கடவுள் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள் கடலில் அமிழ்ந்து போகிறார்கள். "தூண்டிவிட்டவரே நீதிபதியாகவும் உட்கார்ந்தால் எந்த ஹைகோர்ட்டில் நிற்கும்பா?" என்று கேட்டிருந்தாய். சென்னையில் சீனியரிடம் சேர்ந்ததிலிருந்து உன் கேள்விகளுக்குக் கூர்மை ஏறியிருக்கிறது. சந்தோஷம்தான்.

ஆனால் வக்கீலம்மா, நீ கடைசித் தாளை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறாய். கேஸ் கட்டை முதலிலிருந்து புரட்டு.

விவிலியத்தில் விடுதலைப் பயணம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் தொடங்கி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வா. இஸ்ரயேலரை விட மறுக்கும் பார்வோன்மேல் வாதைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. தண்ணீர் இரத்தமாகிறது, பார்வோனின் மனம் கடினப்பட்டது என்று இருக்கிறதே தவிர, யார் கடினப்படுத்தியது என்று இல்லை. அடுத்து தவளைகள். தொல்லை நீங்கியதும் அவனே தன் மனத்தைக் கடினப்படுத்திக்கொள்கிறான். கொசு வந்தபோது அவனுடைய மந்திரவாதிகளே இது கடவுளின் விரல் என்று சொல்லிவிட்டார்கள், அப்போதும் கேட்கவில்லை. ஈக்கள் போனதும் மறுபடி அவனே. கால்நடைகள் செத்தும் அசையவில்லை. ஆறாவதாகக் கொப்புளங்கள் வந்தபோதுதான், ஆண்டவர் பார்வோனின் மனத்தைக் கடினப்படுத்தினார் என்பது நடந்துவிட்ட காரியமாக முதன்முதலில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது ஐந்து வாய்தா கொடுத்த பிறகு.

நீ உடனே எழுந்து ஆட்சேபிப்பாய் என்று தெரியும். 4ஆம் அதிகாரத்திலேயே, மோசே எகிப்துக்குத் திரும்புவதற்கு முன்பே, அவன் மனத்தைக் கடினப்படுத்துவேன் என்று கடவுள் சொல்லிவிட்டாரே? 7ஆம் அதிகாரத் தொடக்கத்திலும் சொல்கிறாரே? ஆமாம், இருக்கிறது. என் வாதத்துக்கு அது இடைஞ்சல்தான், மறைக்கப் போவதில்லை. ஆனால் நீயும் 9ஆம் அதிகாரத்தின் கடைசியை மறைக்கக் கூடாது. ஏழாவதாகக் கல்மழை அடிக்கிறது. பார்வோன் மோசேயையும் ஆரோனையும் கூப்பிட்டு, இந்த முறை நான் பாவம் செய்துவிட்டேன், ஆண்டவர் நேர்மையானவர், நானும் என் மக்களும்தான் குற்றவாளிகள் என்கிறான். யாரும் அடித்து வாங்கிய வாக்குமூலம் இல்லை. மழை விட்டதும் அவனே மறுபடியும் பாவம் செய்து மனத்தைக் கடினப்படுத்திக்கொள்கிறான். ஆறாவது வாதைக்கு அப்புறம் அவன் வெறும் பொம்மை என்றால், ஏழாவதில் இந்த இரண்டு வரிகளுக்கும் வேலையே இல்லை.

கடவுள் கடினப்படுத்துவது என்றால், ஒருவன் பிடிவாதமாகப் போகிற பாதையிலேயே அவனைப் போக விட்டுவிடுவது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உரோமையர் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் பவுல், கடவுள் அவர்களை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார் என்று மூன்று தடவை சொல்கிறார். அதே பவுல் 9ஆம் அதிகாரத்தில், குயவனைப் பார்த்துக் களிமண் கேள்வி கேட்கலாமா என்று நம் வாயை அடைக்கிறார். அந்த அதிகாரம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். அப்போதெல்லாம் எரேமியா 18க்குப் போய்விடுவேன். அங்கேயும் குயவன் இருக்கிறான், களிமண் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டை அழிப்பேன் என்று நான் சொன்ன பிறகும் அது தன் தீமையை விட்டுத் திரும்பினால், நானும் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்கிறார் கடவுள். நினிவே நகரத்துக்கு அதுதானே நடந்தது? நாற்பது நாளில் அழியும் என்று யோனா அறிவித்தார். ஊர் திருந்தியது, அழியவில்லை. யோனாவுக்குத்தான் கோபம்.

மனிதருக்குச் சுயவிருப்பம் எவ்வளவு இருக்கிறது என்பதில் அறிஞர்கள் போட்ட சண்டை பெரிய கதை. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தினாரும் பெலாஜியுசும், 1524, 25இல் எராஸ்மசும் லூத்தரும் மோதிக்கொண்டார்கள். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், ஆதாமின் பாவத்தால் மனிதரின் சுயவிருப்பம் வலுவிழந்தது, ஆனால் அழியவில்லை என்று நம் பக்கத்து நிலையைச் சொன்னது. எனக்கு இவர்களைவிட சீராக்கின் ஞானம் 15ஆம் அதிகாரம் நெருக்கம். கடவுள் மனிதரைப் படைத்து அவரவர் விருப்பத்தின் கையிலேயே விட்டுவிட்டார். முன்னால் நெருப்பும் இருக்கிறது, நீரும் இருக்கிறது. எது வேண்டுமோ அதை நோக்கிக் கையை நீட்டு. உன் சித்தப்பா புராட்டஸ்டண்ட் சபைக்குப் போனதிலிருந்து அவருடைய பைபிளில் இந்த நூல் கிடையாது. போகட்டும், வாழ்வையும் சாவையும் முன்னால் வைத்து, வாழ்வைத் தேர்ந்துகொள் என்கிற மோசேயின் பேச்சு அவருடையதிலும் இருக்கிறது.

இன்னொரு சாட்சியம். பார்வோனைப் பற்றியே பேசுகிறோம், அவனைச் சுற்றி இருந்தவர்களைப் பார்ப்பதில்லை. கல்மழைக்கு முன் எச்சரிக்கை வந்ததும், பார்வோனின் அலுவலரில் ஆண்டவரின் வாக்குக்கு அஞ்சியவர்கள் தங்கள் வேலையாட்களையும் மாடுகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதே நாடு, அதே அரசன், அதே எச்சரிக்கை. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. இதற்கெல்லாம் முன்னால், முதல் அதிகாரத்தில், சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள். எபிரேயப் பெண்களுக்கு ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடச் சொல்லி அரசனே நேரில் உத்தரவு போட்டும், அவர்கள் செய்யவில்லை. அந்தப் பார்வோனின் பெயரைக்கூட விவிலியம் சொல்லவில்லை. இந்த இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறது. நம் பக்கத்தில் கொன்றது ஆண்பிள்ளைக்குப் பதிலாகப் பெண்பிள்ளையை, அவ்வளவுதான் வித்தியாசம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எதற்காக வந்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. "ஊர் வழக்கம், நான் என்ன செய்ய" என்று சொன்னவர்கள் இருந்த அதே ஊர்களில், முடியாது என்று சொன்ன கிழவிகளும் இருந்தார்கள். உன் அப்பத்தா அதில் ஒருத்தி. அதை அவளே உனக்குச் சொல்லியிருப்பாள்.

நீ வக்கீல் என்பதால் தருமபுரி இலக்கியம்பட்டி பஸ் எரிப்பு விஷயத்துக்கும் வருகிறேன். 2000 பிப்ரவரி 2. ஓர் அரசியல் தலைவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்த கோபத்தில், வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று பிள்ளைகள் கருகிப் போனார்கள். நீ அப்போது கைக்குழந்தை. 2007இல் மூன்று பேருக்குத் தூக்கு, 2010இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம் மறுசீராய்வில் ஆயுளாகக் குறைத்தது. கூட்டத்தின் வெறியில் நிதானம் இழந்து செய்தது, திட்டமிட்ட கொலை இல்லை என்பது முக்கியமான காரணம். 2018இல் விடுதலையும் ஆகிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைச் சட்டப்படி நீ எப்படிப் பார்க்கிறாய் என்று ஒருநாள் உன்னிடம் கேட்க வேண்டும். தூக்குத் தண்டனை எனக்கு ஒப்புதல் இல்லை, அதனால் குறைத்ததில் வருத்தமில்லை. காரணம்தான் தொண்டையில் நிற்கிறது. கூட்டத்தில் மனம் கடினப்படும், உண்மைதான். ஆனால் அதே ரோட்டில், அதே புகையில், உள்ளே இருந்த பிள்ளைகளை இழுத்து வெளியே போட்டுக் காப்பாற்றியவர்களும் இருந்தார்களே? விவிலியத்துக் கடவுள் கேட்கிற கேள்வி இந்த இடத்தில்தான் நம் கோர்ட்டைவிடக் கறாராக இருக்கிறது. காயினிடம், தம்பியை அடிப்பதற்கு முன்பே, பாவம் வாசலில் பதுங்கியிருக்கிறது, நீ அதை அடக்கி ஆள வேண்டும் என்கிறார். அடக்க முடியாதவனிடம் அப்படிப் பேச மாட்டார்கள்.

அதற்கு நேர் எதிராக, தேர்வே இல்லாத இடத்தில் தீர்ப்பைத் திணிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். என் பல்லைப் பார்த்திருக்கிறாய். பென்னாகரம் பக்கம் பிறந்து, கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடித்து வளர்ந்த எங்கள் வயசுக்காரர்கள் பாதிப் பேருக்கு அந்தக் காவிக்கறை உண்டு. பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிற ஃபுளோரைடு, பல் உருவாகிற சின்ன வயதில் உடம்பில் ஏறினால் வருவது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் விடிவு. நான் பையனாக இருந்தபோது ஒரு பெரியவர், அப்பன் பாவம் பிள்ளை பல்லில் தெரிகிறது என்று ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று சொன்னார். எசேக்கியேல் 18ஐப் பின்னால் வாசித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் பல்தான்! அப்பன் புளித்த திராட்சையைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள். இனி இந்தப் பழமொழியை யாரும் சொல்லக் கூடாது, பாவம் செய்கிறவனே சாவான், மகன் தந்தையின் குற்றத்தைச் சுமக்க மாட்டான் என்று கடவுள் ஆணையிட்டுச் சொல்கிறார். மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பேன் என்று பத்துக் கட்டளையில் இருப்பதை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள், இந்த அதிகாரத்தைத் திறப்பதே இல்லை. இயேசுவும் பிறவிக் குருடனைப் பற்றிக் கேட்டபோது, இவன் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்றுவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தது பற்றியும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். கூடவே, நீங்களும் மனம் மாறாவிட்டால் அழிவீர்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பியும் விட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உன் வழக்கில் எனக்குப் பதில் இல்லாத ஓர் இடம் பாக்கி இருக்கிறது. நீ பார்வோனுக்காக வாதாடினாய். நான் உன் இடத்தில் இருந்தால் அவனை விட்டுவிட்டு 11ஆம் அதிகாரத்தை எடுப்பேன். அரியணையில் இருக்கும் பார்வோனின் தலைப்பிள்ளை முதல், திரிகை அரைக்கும் அடிமைப் பெண்ணின் தலைப்பிள்ளை வரை சாகும் என்று இருக்கிறது. அந்த அடிமைப் பெண் யாருடைய மனத்தைக் கடினப்படுத்தினாள்? அவள் பிள்ளைக்கு எந்தத் தேர்வு இருந்தது? எசேக்கியேல் சொன்னதை இங்கே பொருத்திப் பார்த்தால் பொருந்தவில்லை. அரசன் செய்ததற்கு நாடு முழுவதும் அனுபவிக்கும், அது அன்றைக்கும் இன்றைக்கும் நடப்பதுதான் என்று சில சாமியார்கள் சொல்வார்கள். நடப்பது சரி, நியாயமா என்பதுதானே கேள்வி. மறைக்கல்வி வகுப்பில் இத்தனை வருஷமாக இந்தப் பகுதியை நான் பிள்ளைகளுக்கு வேகமாகக் கடத்திவிடுவேன். நீ கடத்தாதே.

கேட்டால் பாவமாகிவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். சோதோமுக்காக ஆபிரகாம், அனைத்துலகுக்கும் நீதி வழங்குபவர் நீதியாய்த் தீர்ப்பளிக்க வேண்டாமா என்று முகத்துக்கு நேரே கேட்டு, ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசி இறக்கினாரே, அவரைக் கடவுள் தண்டிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நின்று பதில் சொன்னார். பத்தோடு ஏன் நிறுத்திக்கொண்டார் என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம். வாதம் எழுதுவதாக இருந்தால் அங்கிருந்து தொடங்கு. எழுதியதும் எனக்கு அனுப்பு, மறுத்துப் பேச ஆள் இருக்கிறேன்.

அம்மா உனக்காக மாவடு போட்டு ஜாடியில் வைத்திருக்கிறாள். லீவு கிடைத்தால் மாம்பழக் கண்காட்சிக்கு வந்துவிடு. பேருந்து ஏறியதும் போன் பண்ணு, ரவுண்டானாவில் வண்டியோடு நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா