கொப்பியை மூடச் சொல்லாதீர்கள்

கொழும்பில் பட்டப்பின்படிப்புக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் நேர்முகக் குழுவினருக்கு,

வணக்கம்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி நீங்கள் அனுப்பும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், சேவைக் கடிதம். எல்லாவற்றுக்கும் மூலப்பிரதியும் போட்டோக்கொப்பியும். அரை மணித்தியாலம் முன்னதாக வரவும். இவ்வளவும் சொல்கிற கடிதம் ஒன்றை மட்டும் சொல்லாது: கையில் ஒரு குறிப்புத் தாள் வைத்திருக்கலாமா, கூடாதா? அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் முதுதத்துவமாணி (எம்.பில்.) படிப்புக்காக இந்த நகரத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அன்று என்னைக் கேள்வி கேட்டவர்கள் கெட்டவர்களும் இல்லை. வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே மழை. சான்றிதழ் பைலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பைலுக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் இரண்டே இரண்டு பக்கம்தான் எழுதியிருந்தேன். இடது பக்கத்தில் என் ஆய்வு பற்றிய குறிப்புகள், தமிழில். கலைச்சொற்களுக்கு மேலே அவற்றின் ஆங்கிலம், பென்சிலில். வலது பக்கத்தில் நான் குழுவிடம் கேட்க நினைத்த ஆறு கேள்விகள்.

உள்ளே மூன்று பேர். மூவருக்கு முன்னாலும் என் விண்ணப்பம், அச்சடித்த கேள்வித் தாள், புள்ளி போடும் படிவம். நான் கதிரையில் இருந்து கொப்பியைத் திறந்தேன். நடுவில் இருந்தவர் தமிழர். பேனையால் அதைக் காட்டி, "கொப்பியை மூடி வையுங்கோ பிள்ளை, இது நேர்முகம். தெரிஞ்சதைச் சொன்னால் காணும்" என்றார். அந்த அறையில் நான் கேட்ட ஒரே தமிழ் வசனம் அதுதான். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

மாதிரியை எப்படித் தெரிவுசெய்வீர்கள் என்று கேட்டார்கள். 'படையாக்கப்பட்ட எழுமாற்று மாதிரி' என்று மனதுக்குள் ஓடுகிறது. 'ஸ்ற்றாற்றிஃபைட் ரான்டம் சாம்பிள்' என்ற ஆங்கிலச் சொல் வரவில்லை. 'ஸ்ற்றா...' என்று தொடங்கி, 'குழுக்களாகப் பிரித்து எடுப்பேன்' என்று ஏதோ சுற்றிவளைத்துச் சொன்னேன். இடது கைப்பக்கம் இருந்தவர் படிவத்தில் எதையோ குறித்தார். அவர் குறித்ததும் ஒரு குறிப்புத்தானே என்று பிறகு பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வழமையான கேள்வி: "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" மூடிய கொப்பி மடியில் இருந்தது. உள்ளே ஆறு கேள்விகள். "இல்லை சேர்" என்றேன்.

சரி, தோற்றவளின் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இடம் கிடைத்தது. அதுதான் வில்லங்கமே. அந்த ஆறில் மூன்றாவது கேள்வி, எனக்கு மேற்பார்வையாளராக வரப்போகிறவர் அடுத்த இரண்டு வருடமும் நாட்டில் இருப்பாரா என்பது. அவர் ஏழு மாதத்தில் ஓய்வாய்வு (சபாட்டிகல்) விடுமுறையில் வெளிநாடு போக ஏற்கெனவே அனுமதி எடுத்திருந்தார். அந்த மேசையில் இருந்த மூவருக்கும் அது தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புது மேற்பார்வையாளர் கிடைத்து, அவர் விருப்பத்துக்கு ஆய்வு முன்மொழிவைத் திருத்தி, ஒழுக்கநெறிக் குழுவுக்கு மறுபடி போட்டு, எட்டு மாதம் போனது. கட்டணம் நிற்கவில்லை.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. எங்கள் ஆட்களிடம் 'கொப்பி' என்ற சொல்லே ஆபத்தானது; பக்கத்தில் 'அடித்தல்' சேர்ந்தால் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். கொப்பியைப் பார்த்தாலே களவு நினைவு வருவது பழக்கதோஷம். ஆனால் நேர்முகம் பரீட்சை மண்டபம் இல்லை. நீங்கள் அதை 'நேர்முகப் பரீட்சை' என்று எழுதினாலும், அங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தெரிவுசெய்கின்றன. இரண்டு, மூன்று வருடத்தையும் கையிலிருக்கும் காசையும் எங்கே போடுவது என்று நானும்தான் அங்கே முடிவெடுக்கிறேன்.

மனப்பாடத்துக்கு நம்மிடம் பெரிய மரியாதை. ஈழத்துத் தமிழறிஞர் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை ஒரே நேரத்தில் பல பக்கம் கவனம் வைத்துக் காட்டிச் சதாவதானி என்று பெயரெடுத்தவர். அவர் வந்தால் கொப்பி வேண்டாம்தான். மற்றவர்களுக்கு? ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியவை ஏழு, கூடினாலும் குறைந்தாலும் இரண்டு என்று உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டார். உங்கள் கேள்வி ஒன்றைப் பாருங்கள்: "இதுவரை நடந்த ஆய்வுகளில் என்ன இடைவெளி, நீங்கள் எந்த முறையியலில் போகிறீர்கள், தரவு எங்கிருந்து, எவ்வளவு காலம், ஏன் எங்களிடம் வந்தீர்கள்?" ஒரே மூச்சில் ஐந்து. கையில் பேனை இருந்தால் ஐந்தையும் ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொல்லலாம். இல்லையென்றால் நான்காவதில் நின்று, "சொறி சேர், கடைசியாக என்ன கேட்டீர்கள்?" என்று இளிக்க வேண்டியதுதான்.

நீங்கள் தாளை வைத்திருப்பதைக் குறைசொல்லவில்லை. அது நல்ல பழக்கம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளி போடும் நேர்முகம், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்தை விட ஆளைச் சரியாகக் கணிக்கும் என்று ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வேலைக்கு ஆள் எடுப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எழுதி வைத்துக்கொள்வது உங்களுக்குத் தரம் என்றால் எனக்கு மட்டும் எப்படிக் குறையாகும்? புதுக்கடை நீதிமன்றங்களில் எந்தச் சட்டத்தரணியும் வெறுங்கையோடு எழும்பி நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 விடயங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துச் சரிபார்க்கும் வைத்தியருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

மொழி விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் உங்கள் அறைக்குள் அநேகமாக இணைப்பு மொழிதான் ஆட்சி. அதை மாற்றச் சொல்லி இந்த மடலில் கேட்கவில்லை, அது வேறு சண்டை. தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, பென்சிலால் எழுதிய பத்து ஆங்கிலச் சொற்களைப் பார்க்க விடுங்கள் என்கிறேன். அந்தச் சொல் தெரிந்ததால் ஆய்வு தெரிந்ததாகிவிடாது. அடுத்த கேள்வியிலேயே நீங்கள் பிடித்துவிடுவீர்கள்.

பதிலை வசனம் வசனமாக எழுதிக்கொண்டு வந்து தலைகுனிந்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஸூம் நேர்முகம் என்றால் இன்னும் மோசம். திரையைச் சுற்றி மஞ்சள் தாள்களை ஒட்டிவைத்து, கண் பல்லி மாதிரி அங்கும் இங்கும் ஓடும். அதைத் தடுங்கள். ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம், முழு வசனம் கூடாது என்று எழுதினால் விஷயம் முடிந்தது. சந்தேகம் என்றால் தாளை வாங்கிப் பாருங்கள். கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவபீடத்தில் தொடங்கியதைப் போல, விண்ணப்பதாரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துச் சில நிமிடத்தில் பதில் கேட்கும் நேர்முகம் என்றால் குறிப்புக்கு அங்கே வேலையில்லை. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போதும்.

அப்புறம், விண்ணப்பதாரி எழுதிக்கொண்டு வரும் கேள்விகளையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். "கட்டணம் எவ்வளவு?" என்று எழுதியிருந்தால் உங்கள் கையேட்டை அவர் திறக்கவே இல்லை என்று தெரியும். "ஆய்வேட்டைத் தமிழில் எழுதினால் பரீட்சகர் கிடைப்பாரா?", "வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் எத்தனை மணிக்கு நூலகத்தைப் பாவிக்கலாம்?", "ஒரு மேற்பார்வையாளரிடம் இப்போது எத்தனை மாணவர்கள்?" என்று எழுதியிருந்தால், அந்த ஆள் படித்து முடிக்கும் நாள்வரை யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இருபது நிமிடம் நீங்கள் தோண்டித் தோண்டித் தேடுவது இதைத்தானே?

கடிதத்தில் சேர்க்க வேண்டிய வரியையும் எழுதித் தருகிறேன், எழுதுவினைஞருக்குச் சிரமம் வேண்டாம்: 'விண்ணப்பதாரிகள் ஒரு பக்கக் குறிப்புத் தாளும் தமது கேள்விகளும் பேனையும் கொண்டுவரலாம்.'

என் சின்னம்மாவின் மகளுக்கு அடுத்த மாதம் நேர்முகம். உங்களில் ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படம் பிடித்து நேற்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். ஆவணப் பட்டியலில் ஆறு வரி. கீழே அவளுடைய கேள்வி: "அக்கா, கொப்பி கொண்டு போகலாமோ?" நான் இன்னும் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய விண்ணப்பதாரி