அரையாண்டு விடுமுறையை முன்னிட்டுப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் மாவட்டம் வரை போய் வந்தார்கள், கபடி அணி நன்றாக ஆடியது, அறிவியல் கண்காட்சிக்கும் பாராட்டு கிடைத்தது. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு தொடரும். திருத்திய விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் தருவோம். ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், இன்னொரு விஷயம். பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். பொங்கலுக்குப் பெரிய படங்கள் வரும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தினர் நம் பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி மரக்கன்று நட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைச் சீருடையில் வரவழைத்து, நடிகர் படம் போட்ட பேனரைக் கையில் கொடுத்து, பாட்டு சேர்த்து ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள். பெற்றோர் சிலரும் கூட நின்றிருக்கிறீர்கள். பிள்ளை நல்லது செய்கிறான் என்ற பெருமைதான், எனக்குப் புரிகிறது. மறுநாளே இன்னொரு நடிகரின் ரசிகர்கள் கமெண்டில் இறங்கிவிட்டார்கள். நடிகரைத் திட்டியதோடு விடவில்லை. பேனர் பிடித்த பிள்ளைகளின் நிறம், பல், உடம்பு என்று ஆரம்பித்து வீட்டுப் பெண்கள் வரை போய்விட்டார்கள். சட்டைப் பையில் பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில நாள் பள்ளிக்கே வரவில்லை. வந்த பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வராமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்த வகுப்பு இப்போது இரண்டு அணி. காம்பஸ் முனையால் பெஞ்சில் நடிகர் பெயரைக் கீறுகிறார்கள், இடைவேளையில் சட்டையைப் பிடிக்கிறார்கள்.

கன்றுகளையும் போய்ப் பார்த்தேன். இரண்டு கன்றுகளைக் கறுப்பு நாற்றுப் பையைக்கூடக் கிழிக்காமல் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருந்தார்கள். வீடியோவில் அது தெரியாது. நம் பசுமைப் படைப் பிள்ளைகள் அவற்றை எடுத்து மறுபடி நட்டிருக்கிறார்கள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

திரைப் புகழால் நல்லது நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடிகர் விவேக், அப்துல் கலாம் ஐயாவின் சொல்லை ஏற்று ஒரு கோடி மரம் என்று கிளம்பினார். 2021 ஏப்ரலில் அவர் மறைவதற்குள் அந்தக் கணக்கு 30 லட்சத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்வார்கள். நம் ஊரிலும் அவர் நினைவாக மரம் வைத்தவர்கள் உண்டு. அதே நேரம், நடிகர் முன்னால் நின்றால்தான் பொதுக்காரியம் என்றும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள், போராட்டத்துக்குத் திரைமுகம் வேண்டாம் என்பதில் கறாராக இருந்தார்கள். நடிகர் சங்கம் தன் ஆதரவைத் தனியாக வேறு இடத்தில் உட்கார்ந்துதான் காட்டியது. அன்று மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாக முடிவெடுத்து வந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் நாம் கொடுக்கும் பேனர் அந்தப் பிள்ளை எடுத்த முடிவு ஆகாது.

அடுத்தது முதல் நாள் முதல் காட்சி. 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில், நகர்ந்துகொண்டிருந்த லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் விழுந்து இறந்தார். இப்போதெல்லாம் பெரிய படத்துக்கும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. முன்பு தூங்கி வழிந்துகொண்டாவது வகுப்புக்கு வந்தார்கள். இப்போது காட்சியும் நம் முதல் மணியும் ஒரே நேரம் என்பதால் விடுப்புக் கடிதம்தான் வருகிறது. ஒரே வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான். அந்தக் காய்ச்சல்காரர்களைத் தியேட்டர் வாசலில் பட்டாசோடு அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் பார்த்தோம்.

கூட்டத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். யார் மீது தவறு என்பதை விசாரணை சொல்லட்டும், நான் அரசியல் பேச வரவில்லை. பிரபலம் யாராக இருந்தாலும், எந்தக் கொடியாக இருந்தாலும், பெரியவர்களுக்கே மூச்சு முட்டும் இடத்தில் பிள்ளைக்கு என்ன வேலை?

எனவே கண்டிப்பாகச் சொல்கிறேன். பள்ளிச் சீருடையிலோ, பள்ளியின் பெயர் தெரியும்படியோ எந்த நடிகர், மன்றம், கட்சி, யூடியூப் சேனலுக்காகவும் பிள்ளைகளை வீடியோ எடுக்கக் கூடாது. நோட்டுப் புத்தகம் தர விரும்பும் மன்றங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க அனுமதி கிடையாது. பட வெளியீட்டு நாளில் உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். 13 வயதுக்குக் கீழே கணக்கு கூடாது என்பது இன்ஸ்டாகிராமே வைத்திருக்கும் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்தவர்கள், தயவுசெய்து இந்த விடுமுறையிலேயே அதை மூடிவிடுங்கள்.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. படம் பார்க்கட்டும், பாட்டுப் பாடட்டும், ஆண்டு விழாவில் பிடித்த நடிகர் மாதிரி ஆடட்டும். போன வருடம் அந்த ஆட்டத்துக்கு முதலில் விசில் அடித்தது நம் கணக்கு ஆசிரியர்தான்.

விஷயம் தெரிந்த அன்றே மன்றத்தினரிடம் பேசி வீடியோவை நீக்க வைத்த பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மன்றத் தம்பிகளும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார்கள், அவர்களுக்கும் நன்றி. இணையத்தில் உங்கள் பிள்ளையை யாராவது தொந்தரவு செய்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்கும். இந்தக் கடிதத்தை வைத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எந்த நடிகர் பெரியவர் என்ற விவாதம் மட்டும் வேண்டாம். இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் அன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்