செல்ஃப் அடித்தால் ஏர் லாக் போகாது

ஆசிரியருக்கு,

டீசல் தீர்ந்து நின்ற டிராக்டருக்கு டீசல் ஊற்றியதும் விடாமல் செல்ஃப் அடிக்கிறார்கள். டீசல் லைனில் காற்று அடைத்து நிற்கும்வரை (இதுதான் ஏர் லாக்) பேட்டரிதான் தீரும், இன்ஜின் பிடிக்காது.

டீசல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்று தளர்த்தி, கை பம்பை அழுத்துங்கள். நுரை அடங்கி வெறும் டீசல் வழிந்ததும், பம்பை அழுத்தியபடியே ஸ்குருவை இறுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பிலும் (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உள்ள ஏர் ஸ்குருவுக்கும் இதேதான். அப்படியும் பிடிக்காவிட்டால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி 10 விநாடி செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கலாம். விரல் வைத்துப் பார்ப்பது ஆபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டேங்க் நிறைய டீசல் இருந்தும் அடிக்கடி காற்று புகுந்தால் நசுங்கிய செம்பு வாஷரையும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். பத்து ரூபாய் வாஷரை மாற்றாமல் பம்பையே கழற்றுவது வீண் செலவு. ஹோஸ் விரிசலில் சில சமயம் டீசல் சொட்டாது; டேங்கிலிருந்து டீசலை எடுக்கும் ஃபீட் பம்ப் இழுக்கும்போது காற்று மட்டும் உள்ளே போகும்.

காமன் ரெயில் இன்ஜின் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் நாசில் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது.

– டீசல் மெக்கானிக்குகள், மன்னார்குடி